ஊசி, நூல், மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

துணி வேலையோடு எல்இடி, சென்சார், தொட்டால் ஒலிக்கும் படம் ஆகியவற்றைச் சேர்ப்பது பற்றி வந்த கடிதங்களில் ஜரிகையைப் பற்றியவைதான் அதிகம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஆரி வேலைக்கு வாங்கிய ஜரிகைக் கண்டு வீட்டில் நிறைய மிச்சம் இருக்கிறது. ஜரிகையும் உலோகம்தானே? மின்கடத்தும் நூலைத் தனியாக வாங்காமல் இதையே வைத்து எல்இடி எரிய வைக்கலாமா? முடியாது என்றால், அம்மாவின் பழைய பட்டுப்புடவைக் கரையை வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.
– வாசகி, திருநகர்

பதில்: முதலில் அந்தப் புடவையை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

ஜரிகை என்ற ஒரே பெயரில் மூன்று சரக்கு விற்கிறது. அசல் ஜரிகையில் சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல் நடுவில் இருக்கும். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுருளாகச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். இரண்டாவது ரகத்தில் வெள்ளிக்குப் பதில் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி. மூன்றாவது பிளாஸ்டிக் ஜரிகை: பாலியெஸ்டர் படலத்தில் மிக மெல்லியதாக அலுமினியத்தைப் படியவைத்து, மேலே நிறப்பூச்சுக் கொடுத்து, நூல் அகலத்துக்கு நறுக்கியது. உங்களிடம் இருப்பது அநேகமாக இதுதான்.

பிளாஸ்டிக் ஜரிகையில் அலுமினியம் இருந்தும் பயனில்லை. மேல்பூச்சு அதை மூடிவிடுகிறது. பூச்சைச் சுரண்டினாலும், ஊசியில் கோத்து இழுக்கும்போது அந்த மெல்லிய படலம் மடிப்புக்கு மடிப்பு வெடித்துத் தொடர்பு அறுந்துபோகும்.

எந்த ரகம் என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சாண் நூலை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பிளாஸ்டிக் சுருண்டு உருகி மணியாகிவிடும். மற்ற இரண்டிலும் நடுநூல் கருகிய பிறகு உலோகச் சுருள் அப்படியே நிற்கும். அதோடு விடாமல் மல்டிமீட்டரிலும் (மின்சாரத்தை அளக்கும் கருவி) பாருங்கள். 30 செ.மீ. நூலை மேசையில் நேராக ஒட்டி, இரண்டு முனையிலும் மீட்டர் முள்ளை அழுத்தி ஓம் அளவை, அதாவது மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நூலைப் பென்சிலில் இறுக்கமாகச் சுற்றி மறுபடி அளங்கள். இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தால் நல்ல நூல். எண் எகிறிக் குதித்தால் உள்ளே கம்பி எங்கோ முறிந்து, பக்கத்துச் சுற்றை உரசிக்கொண்டு ஓடுகிறது. அது இன்று எரியும், நாளை எரியாது.

எவ்வளவு ஓம் வரை தாங்கும்? கணக்கு எளிது. இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி 3 வோல்ட் தரும். சிவப்பு எல்இடி அதில் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1 வோல்ட். 5 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் போகிற நூல், வருகிற நூல், ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன உறுப்பு) எல்லாம் சேர்ந்து 200 ஓமுக்குள் இருக்க வேண்டும். நீலமும் வெள்ளையும் தாங்களே 3 வோல்ட் கேட்கும். நூலுக்கு என்று எதுவும் மிஞ்சாது. “சிவப்பு எரிகிறது, வெள்ளை எரியவில்லை, நூல் மோசம்” என்று எழுதியிருக்கும் மூன்று பேருக்கும் இதுதான் பதில். நூலில் குற்றமில்லை.

ஜரிகைக் கரையையே கம்பியாக வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கரையில் ஜரிகை இழைகள் பாவில் (நெசவின் நீளவாக்கு இழைகளில்) ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. மின்சாரத்துக்கு அது ஒரே அகலக் கம்பி. அதற்குள் பிளஸ் தனி, மைனஸ் தனி என்று பிரிக்க வழியில்லை. மேல்கரையில் பிளஸ், கீழ்கரையில் மைனஸ் என்று வைத்தால் சுவரில் மாட்டும் துணிக்குச் சரி. உடுத்தினால் முந்தி மடிப்பில் இரண்டும் முட்டி ஷார்ட் ஆகிவிடும்.

ஆகவே சர்க்யூட்டுக்கு மின்கடத்தும் ஸ்டீல் நூல், பார்வைக்கு ஜரிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் உணரும் பரப்புக்கு மட்டும் கடத்துகிற ஜரிகை எதுவானாலும் தாராளமாகப் போடலாம். அங்கே மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால் சில ஆயிரம் ஓம் இருந்தாலும் வேலை நடக்கும். ஜரிகையில் மட்டும் சால்டரிங் அயர்னை வைத்துவிடாதீர்கள். நடுவில் உள்ள பட்டு பொசுங்கி, சுருள் தனியாகக் கழன்று கையோடு வரும்.

பழைய புடவை அசல் ஜரிகையாக இருந்தால் அதிலுள்ள வெள்ளிக்காகவே நல்ல விலை கிடைக்கும். கரையை வெட்டினால் புடவையும் போச்சு, வெள்ளியும் போச்சு.

கேள்வி: கட்டிச் சாயம் போட்ட சுங்குடிப் புடவை ஒன்று இருக்கிறது. முந்தியில் உள்ள வெள்ளைப் புள்ளிகளில் சில மட்டும் ராத்திரியில் மினுங்க வேண்டும். தங்கை கல்யாணத்துக்குக் கட்ட ஆசை. எப்படிச் செய்வது? துணியில் எல்இடியைத் தைத்துவிட்டுப் பிறகு சாயம் போட முடியுமா?
– வாசகி, சின்னாளபட்டி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில். முடியாது. ரியாக்டிவ் சாயமானால் தொட்டியில் சோடா இருக்கும், வாட் சாயமானால் காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் இருக்கும். காஸ்டிக் அலுமினியத்தைக் கரைக்கும். அந்தத் தொட்டிக்குள் எல்இடியும் சால்டரும் போனால் திரும்பி வராது. சாயவேலை, அலசல், கஞ்சி, இஸ்திரி எல்லாம் முடிந்த பிறகே மின்வேலை.

சுங்குடிப் புள்ளி இந்த வேலைக்கென்றே அமைந்தது போலிருக்கும். நகத்தால் துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் ஏறவில்லை. அதனால் அடர்ந்த அரக்கு நிறத் துணி வெளிச்சத்தைத் தடுத்தாலும் புள்ளி மட்டும் விடும். பின்னால் வைத்த எல்இடி முன்னால் புள்ளி அளவுக்கே தெரியும். மெழுகு அச்சுச் சுங்குடியிலும் இது நடக்கும். ஆனால் கட்டிய புள்ளியின் ஓரம் கலங்கலாக இருப்பதால் வெளிச்சமும் கலங்கி அழகாகக் கசியும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது அந்த முடிச்சுக்காகத்தான். அதில் ஊசி போட்டு ஓட்டையாக்காதீர்கள்.

புடவையில் தைக்கவே வேண்டாம். 8 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் அதே நிறப் பருத்தி லைனிங் துணியில் ஒரு பட்டி வெட்டிக்கொள்ளுங்கள். சர்க்யூட் முழுவதும் பட்டியில் இருக்கட்டும். பட்டியை முந்தியின் உள்பக்கம் நாலைந்து பிரஸ் பட்டனில் மாட்டிக் கழற்றலாம்.

புள்ளி இருக்கும் இடத்தைக் குறிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கையால் கட்டிய புள்ளிகள் ஸ்கேல் வைத்தது போல வரிசையாக இருக்காது. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் அரை செ.மீ. வித்தியாசம் சர்வ சாதாரணம். பட்டியைப் பட்டனில் மாட்டிவிட்டு, முந்தியை வெயில் விழும் ஜன்னலில் தொங்கவிடுங்கள். எந்தப் புள்ளி எரிய வேண்டுமோ அதன் நடுவில் குண்டூசியை நேராகக் குத்தி, பட்டியில் ஊசி இறங்கிய இடத்தில் சாக்குக் கட்டியால் குறியிடுங்கள்.

ஏழு மஞ்சள் எல்இடி போதும். மஞ்சளுக்கு 2 வோல்ட்தான் வேண்டும் என்பது ஒன்று. அரக்கு நிறத்தில் மஞ்சள் எடுப்பாகத் தெரியும் என்பது இன்னொன்று. சாதாரண 5 மி.மீ. எல்இடியின் நீளக்கால் பிளஸ். மூக்குக் குறட்டால் பிளஸ் காலை வட்டமாகவும் மைனஸ் காலைச் சதுரமாகவும் சுருட்டிவிட்டால் தைக்கும்போது மாறாது. ஒவ்வொரு எல்இடிக்கும் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று.

பட்டியின் நீளவாக்கில் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஸ்டீல் நூல் வரிசைகளை ஓட்டுங்கள். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். இரண்டு இழை ஸ்டீல் நூல் மீட்டருக்கு 50 ஓம் அளவில் இருக்கும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் இரட்டை நூலாக ஓட்டினால் பாதியாகும். எல்இடியும் ரெசிஸ்டரும் ஏணிப்படி போல நடுவில் உட்காரும். எல்இடி, ரெசிஸ்டர் வளையங்களில் நூலை ஐந்து முறையாவது இறுக்கிச் சுற்ற வேண்டும். இரண்டு சுற்றோடு விட்டால் நடக்கும்போது கண் சிமிட்டும்.

பேட்டரியின் இரண்டு கம்பியையும் பட்டியின் ஒரே முனையில் கொடுத்தால் முதல் எல்இடி பளிச்சென்றும் கடைசி எல்இடி மங்கலாகவும் எரியும், நூலின் தடை போகப் போகக் கூடுவதால். பிளஸ்ஸை ஒரு முனையிலும் மைனஸ்ஸை எதிர் முனையிலும் கொடுங்கள். அப்போது எந்த எல்இடி வழியாகப் போனாலும் கடக்கும் நூலின் மொத்த நீளம் ஒன்றேதான். ஏழும் கிட்டத்தட்ட ஒரே அளவில் எரியும். எதிர் முனைக்குப் போக உறை போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பட்டியின் ஓர மடிப்புக்குள் விட்டால் போதும்.

டிரிபிள் ஏ இரண்டு போடும் பெட்டியை ரவிக்கையின் உள்பையில் வையுங்கள். ஒரு எல்இடிக்கு 3 மில்லி ஆம்பியர் வீதம் ஏழுக்கும் 21 ஆகிறது. நல்ல அல்கலைன் பேட்டரி கல்யாணத்துக்கும் மறுவீட்டுக்கும் தாங்கி, பிறகும் மிஞ்சும். பட்டன் பேட்டரி சிறியது என்று ஆசைப்படாதீர்கள். சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரியில் 220 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருப்பது மிகக் குறைவாக இழுக்கும்போது கிடைக்கும் கணக்கு. 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் மங்கிவிடும்.

கேள்வி: ஸ்டீல் நூலைத் தையல் மெஷினில் போட்டால் அறுந்து அறுந்து போகிறது.
– வாசகர், ஜெய்ஹிந்துபுரம்

பதில்: மேல்நூலாகப் போட்டிருப்பீர்கள். பாபினில் சுற்றிக் கீழ்நூலாகப் போடுங்கள். மேலே சாதாரணப் பருத்தி நூல் இருக்கட்டும். பாபின் கேஸ் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. துணியின் நல்ல பக்கம் மேலே இருந்தால் ஸ்டீல் நூல் பின்பக்கம் போய் மறைந்துகொள்ளும். இந்த வேலைக்கு மோட்டார் மெஷினைவிடக் கால்மிதி மெஷின் உசத்தி, வேகம் நம் காலில் இருப்பதால். தொடக்கத்திலும் முடிவிலும் 10 செ.மீ. நூல் விட்டு வெட்டுங்கள். முடிச்சுப் போட்டதும் ஒரு சொட்டு நிறமில்லாத நெயில் பாலிஷ் வைத்து, காய்ந்த பிறகு மீதியை ஒட்ட நறுக்குங்கள். ஸ்டீல் நூல் வழுக்கும். பாலிஷ் வைக்காத முடிச்சு தானாக அவிழும், அவிழ்ந்த பிசிறு பக்கத்து வரிசையைத் தொடும், ஷார்ட் ஆகும். “திடீரென்று நின்றுவிட்டது” என்று வரும் புகார்களில் நாங்கள் முதலில் தேடுவது இந்தப் பிசிறைத்தான், புரோகிராமை அல்ல.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து மதுரையின் வீதிகளைத் துணியில் எம்பிராய்டரியாகப் போட்டு, வீதியைத் தொட்டால் அதைப் பற்றிய ஒலி கேட்பது போலச் செய்ய விரும்புகிறோம். என்னென்ன வேண்டும்? ஒரு முறை முயன்று, எந்த வீதியைத் தொட்டாலும் வேறு வீதி பேசியது.
– ஆசிரியை, மேலூர்

பதில்: கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதி அமைந்த ஊர் இந்த வேலைக்குத் தோதானது. சிக்கலும் அதே அமைப்பில்தான்.

60 செ.மீ. சதுரத்தில் கெட்டியான பருத்தித் துணி எடுங்கள். மதிலுக்குள் இருக்கும் ஆடி வீதியை நடுக் கோயில் பகுதியோடு சேர்த்துவிடலாம். வெளியே சித்திரை வீதி 14 செ.மீ. சதுரம், ஆவணி மூல வீதி 24, மாசி வீதி 36, வெளி வீதி 48. வடக்கே வைகை ஒரு வளைகோடு. கோயிலையும் சேர்த்து மொத்தம் ஆறு தொடு பரப்பு.

தொடுதலை உணர எம்பிஆர்121 என்ற சின்ன போர்டு. அதில் 12 இடம் இருக்கிறது, ஆறு மீதியாகும். அதை ஆர்டுயினோ ஊனோவோடு (புரோகிராம் ஏற்றும் சின்னக் கணினி போர்டு) நாலு கம்பியில் இணைக்க வேண்டும்: மின்சாரம், கிரவுண்ட், ஏ4, ஏ5 முனைகள். இந்தச் சில்லு 3.3 வோல்ட்டுக்கு ஆனது. மலிவு விலை போர்டுகளில் வோல்ட்டேஜைக் குறைக்கும் பகுதி இருக்காது என்பதால் 5 வோல்ட் முனையில் செருகிவிடாதீர்கள். ஒலிக்கு மெமரி கார்டிலிருந்து பாடவைக்கும் டிஎஃப்பிளேயர் மினி போர்டு, 32 ஜிபிக்கு மேற்படாத மெமரி கார்டு, 3 வாட் ஸ்பீக்கர். ஒலிக் கோப்புகளுக்கு 0001, 0002 என்று நாலு இலக்கத்தில் பெயர் வையுங்கள். ஆர்டுயினோவிலிருந்து பிளேயரின் ஆர்எக்ஸ் (கட்டளை வாங்கும்) முனைக்குப் போகும் கம்பியில் 1000 ஓம் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் கிர்ரென்ற இரைச்சல் கலக்கும். ஒலி தொடங்கும் நொடியில் ஆர்டுயினோ ரீசெட் ஆனால் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள்.

இப்போது உங்கள் சிக்கல். உள்ளே இருக்கும் சித்திரை வீதியிலிருந்து போர்டுக்குக் கம்பி வர வேண்டுமென்றால் ஆவணி மூலம், மாசி, வெளி மூன்றையும் தாண்டித்தான் வர வேண்டும். வீதிகளை முழுச் சதுரமாகத் தைத்துவிட்டு, உள்வீதியின் நூலை அவற்றின் மேலாகவோ கீழாகவோ ஓட்டியிருப்பீர்கள். உரசிய இடத்தில் இரண்டு வீதியும் ஒன்றாகிவிடும். நேராகத் தொடாவிட்டாலும், ஒட்டி ஓடினாலே ஒன்றின் தொடுதல் மற்றதில் தெரியும். கம்பி வரும் பாதையை விரல் தொட்டாலும் அது வீதியைத் தொட்டதாகவே எண்ணும்.

வழி இதுதான். எந்தச் சதுரத்தையும் மூடாதீர்கள். மேற்குப் பக்கத்தின் நடுவில் ஒவ்வொரு வீதிக்கும் வாசல் போல ஒரு இடைவெளி விடுங்கள். வெளி வீதிக்கு 6 செ.மீ., மாசிக்கு 5, ஆவணி மூலத்துக்கு 4. உள்வீதிகளின் கம்பிகள் அந்த வாசல் வழியாக, ஒன்றுக்கொன்று 1 செ.மீ. தள்ளி, நேராக வெளியே வரட்டும். இந்தப் பாதைக்கு நூல் வேண்டாம், உறை போட்ட மெல்லிய கம்பி போதும். துணியின் பின்பக்கம் ஓட்டி அதன்மேல் ஒரு கனத்த ஃபெல்ட் பட்டியை ஒட்டிவிடுங்கள். முன்பக்கம் அந்த இடைவெளியைச் சாதாரண நூலால் தைத்து மறைத்தால் வீதி முழுசாகவே தெரியும்.

வீதியை ஒற்றை நூலாக இழுக்காமல் நாலு வரிசை சங்கிலித் தையலாக, அரை செ.மீ. அகலத்துக்கு நிரப்புங்கள். பிள்ளைகள் விரலை வைத்துத் தேர் இழுப்பது போல இழுப்பார்கள். ஒற்றை நூலானால் பாதி வழியில் விட்டுப்போகும்.

சுவிட்சைப் போடும்போது யாரும் துணியைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. போர்டு அந்த நொடியில்தான் ‘தொடாத நிலை எது’ என்று அளந்துகொள்கிறது. ஸ்டீல் பீரோ மேலோ இரும்பு மேசையிலோ விரித்தால் அளவெல்லாம் மாறிப்போகும். மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். புரோகிராமில் தொடு எல்லை 12, விடு எல்லை 6 என்று இருக்கும். துணிக்கு மேல் மெல்லிய உறை போட்டால் இரண்டையும் பாதியாக்குங்கள். அதற்கும் கீழே போனால் பக்கத்தில் கை வந்தாலே பேச ஆரம்பிக்கும்.

ஒலியைத் தேர்வது பிள்ளைகளின் வேலை. ஒரு தகராறு நிச்சயம் வரும், இப்போதே தீர்த்து வையுங்கள்: சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். தேர்ச் சத்தத்தைச் சித்திரை வீதிக்கு வைத்துவிட்டு, ஊர்க்காரர்கள் வந்து சிரித்த பிறகு பிரித்துத் தைக்க வேண்டாம்.

பள்ளி வேலையில் பட்டன் பேட்டரியே வேண்டாம். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். செல்போன் சார்ஜரில் யுஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுங்கள். உங்களிடம் மைக்ரோபிட் வி2 (பள்ளிப் பிள்ளைகளுக்கான சின்னக் கணினி போர்டு) இருந்தால் 0, 1, 2 என்ற மூன்று முனையிலும் நேரடியாகத் தொடு உணர்வு உண்டு. மூன்று வீதியோடு திருப்திப்பட முடிந்தால் எம்பிஆர்121 தேவையில்லை.

கேள்வி: சூடு பட்டால் நிறம் மறையும் பொடியைத் துணியில் அச்சடித்துக் கைக்குட்டை செய்தேன். நிறமே வரவில்லை. பொடி கெட்டதா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பொடி நன்றாகத்தான் இருக்கும். பரவலாக விற்கும் ரகம் 31 டிகிரியில் மறைவது. குளிர் ஊர்க்காரர்களுக்கு அது உடம்புச் சூட்டில் நடக்கும் வேடிக்கை. நம் ஊரில் பங்குனி, சித்திரையில் நிழலிலேயே 31ஐத் தாண்டிவிடும்; நிறம் வருவதற்கு வாய்ப்பே இல்லை. துணியை ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், நிறம் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. அடுத்த முறை 45 டிகிரி ரகம் கேட்டு வாங்குங்கள். விரல் சூடு அதற்குப் போதாது. சூடான காபி டம்ளரை வைத்தால் வட்டமாக மறையும். 100 கிராம் பைண்டருக்கு (பொடியைத் துணியில் ஒட்டவைக்கும் பசை) 20 கிராம் பொடியில் தொடங்கலாம். மிக்சியில் அரைக்காதீர்கள், நிறம் நுண்ணிய உறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது, உடைந்தால் போயிற்று. மொட்டைமாடி வெயிலில் காயவைத்தாலும் சில வாரங்களில் வெளிறிவிடும்.

கேள்வி: எங்கள் ஒயிலாட்டக் குழுவில் பன்னிரண்டு பேர். கையில் பிடிக்கும் துணி, அசைவுக்குத் தகுந்தபடி ஒளிர வேண்டும். துணியின் ஓரத்தில் எல்இடி ஸ்டிரிப் தைத்தோம். இரண்டாம் ஆட்டத்திலேயே அறுந்தது. பவர் பேங்கும் அடிக்கடி அணைந்துவிடுகிறது.
– ஒயிலாட்டக் குழுவினர், உசிலம்பட்டி

பதில்: துணியில் எதையும் தைக்காதீர்கள். வீசும் துணியின் முனையில் பத்து கிராம் ஏறினாலும் வீச்சு மாறிவிடும். ஆடுகிறவருக்கு உடனே தெரியும், பார்க்கிறவருக்கு இரண்டாவது அடியிலேயே தெரியும். அதோடு ஸ்டிரிப்பின் செம்புத் தகடு மடங்க மடங்க முறிகிற பொருள்.

வெளிச்சத்தை மணிக்கட்டுப் பட்டையில் வையுங்கள். புரோகிராமால் நிறம் மாறும் டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஆறு, துணியைப் பிடிக்கும் விரல்களை நோக்கி. வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் மல் துணி அந்த ஒளியை வாங்கித் தன் நீளத்துக்கும் பரப்பும். ஒரு எல்இடி முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ஆறுக்கும் 360. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே மேடைக்குப் போதும். டேட்டா கம்பியில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று.

பவர் பேங்க் அணைவது கோளாறில்லை. இழுக்கும் மின்சாரம் மிகவும் குறைந்தால், போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தானே நின்றுகொள்ளும். அசைவில்லாத நேரத்தில் எல்இடிகள் இருண்டிருப்பதால்தான் இது. ஆட்டம் நிற்கும்போதும் மங்கலாக ஒரு நிறம் எரியட்டும் என்று புரோகிராமில் வைத்துப் பாருங்கள். அல்லது மூன்று டிரிபிள் ஏ பெட்டியை மேற்கையில் கட்டிக்கொள்ளுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரியை மட்டும் மடங்கும் இடத்தில் வைக்காதீர்கள். அது நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கும்.

அசைவை அறிய எம்பியூ6050 போர்டு. எவ்வளவு அசைந்தால் ஒளிர வேண்டும் என்ற எல்லையைக் கணக்குப் பார்த்து வைக்க முடியாது. வாத்தியாரை மெதுவான அடியிலும் வேகமான அடியிலும் ஒரு நிமிடம் ஆடச் சொல்லி எண்களைப் பதிவு செய்து, இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். கம்பி முறிவது எப்போதும் மணிக்கட்டு மடிப்பில்தான். சிலிக்கான் உறைக் கம்பி போட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன வளையம் தளர்வாக விட்டு, இரு பக்கமும் 5 செ.மீ. நீளத்துக்குப் பட்டையோடு சேர்த்துத் தையுங்கள். பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு நிறம் என்று போகாதீர்கள். ஒயிலாட்டத்தின் அழகே வரிசைதான். நிறம் ஆளுக்கொன்றானால் வரிசை சிதறும்.

கேள்வி: கைத்தறியில் ஸ்டீல் நூலை ஊடையாகவே (குறுக்கு இழையாகவே) நெய்ய முடியுமா? ஜக்கார்டு பெட்டியும் இருக்கிறது.
– நெசவாளர், செல்லூர்

பதில்: முடியும். தைப்பதைவிட அது சுத்தமான வேலை. 1804இல் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் அட்டையில் துளையிட்டு நெசவை ஆட்டி வைத்தார். 2017இல் கூகுளும் லீவைஸும் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜாக்கெட்டில் மின்நூலைக் கைப்பகுதித் துணியிலேயே நெய்திருந்தார்கள். அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயரும் ஜக்கார்டுதான். மின்சாரப் பகுதி மட்டும் கழற்றி மாட்டும் வில்லையாக இருந்தது.

ஸ்டீல் நூலுக்குத் தனித் தார் (நூல் சுற்றிய குச்சி), தனி நாடா (ஊடையை ஓட்டும் ஓடம்). ஒரு தடத்துக்கு மூன்று ஊடை ஸ்டீல், பிறகு குறைந்தது 10 ஊடை பருத்தி, மறுபடி ஸ்டீல். ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்கு நாடா திரும்பும்போது நூல் கரையோரமாக மேலேறும் அல்லவா, அங்கேதான் இரண்டு தடமும் இணைந்துவிடும். ஒவ்வொரு தடம் முடிந்ததும் நூலை வெட்டி, முனையைப் பாவு இழைகளின் அதே திறப்புக்குள் 2 செ.மீ. மடித்துச் செருகுங்கள். கூடுதல் வேலைதான், வேறு வழியில்லை. ஜக்கார்டில் புட்டா போடும்போது ஸ்டீல் நூல் பின்பக்கம் மிதக்கும். மிதவையை 1 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள், விட்டால் பக்கத்து மிதவையோடு பின்னிக்கொள்ளும்.

பாவில் போட நினைத்தால் ஸ்டீல் இழைகளைப் பருத்திப் பாவோடு ஒரே உருளையில் சுற்றக் கூடாது. பருத்தி கொஞ்சம் நீளும், ஸ்டீல் நீளாது. அச்சு (ஊடையை நெருக்கும் சீப்பு) அடிக்க அடிக்க ஸ்டீல் அறுந்துகொண்டே இருக்கும். தனியாகச் சுற்றி, பின்னால் எடை கட்டித் தொங்கவிடுங்கள்.

முதல் துவையலில் இன்னொன்று தெரியவரும். பருத்தி சுருங்கும், ஸ்டீல் சுருங்காது. மிஞ்சிய ஸ்டீல் நூல் துணிக்கு மேலே குட்டிக் குட்டிக் கண்ணிகளாக எழும்பி நிற்கும். பருத்தி நூலை முன்கூட்டியே வெந்நீரில் நனைத்துச் சுருக்கிக் காயவைத்துப் பாவு ஓட்டினால் இது பெருமளவு குறையும்.

கேள்வி: துவைப்பது எப்படி? சுங்குடிக்குக் கஞ்சி போடாமல் உடுத்த முடியாதே!
– வாசகி, எஸ்.எஸ். காலனி

பதில்: பேட்டரியையும் போர்டையும் கழற்றிய பிறகு ஸ்டீல் நூலும் எல்இடியும் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை. தூள் சோப்பில் ஊறவைக்காமல், கையால் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். மாட்டும் முன் முழு நாள் காயட்டும். ஈரத்தோடு பேட்டரி போட்டால் பிரஸ் பட்டனில் பச்சைக் களிம்பு பூக்கும். வியர்வை உப்பு தண்ணீரைவிட மோசம். வெள்ளிப் பூச்சு நைலான் நூல் ஒரு கோடையிலேயே கறுத்து, கடத்தும் திறனை இழக்கும். நம் ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு ஸ்டீல்தான்.

கஞ்சி காய்ந்தால் உலோகத்தின் மேல் படலமாக ஒட்டி, பட்டன் பட்டனோடு சேர்வதைத் தடுக்கும். ஈரமாக இருக்கும்போது அதுவே மின்சாரத்தைக் கசியவிடும். புடவைக்குத் தாராளமாகக் கஞ்சி போடுங்கள், பட்டிக்கு வேண்டாம். புடவையில் தைத்திருக்கும் பிரஸ் பட்டன்களை மட்டும் இஸ்திரிக்கு முன்னால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.